செவ்வாய்க் கப்பலுக்குள் ஒரு சாயங்காலம்

1986இல் தர்மதேவிக்கு வயது நாற்பத்தொன்று. திண்டிவனத்தில் ரேடியோ பழுதுபார்ப்பவர். விழுப்புரம் அறிவியல் கண்காட்சிக்கு, செவ்வாய்க் கிரகத்துக்கு ஆறு பேர் போகும் விண்கப்பலின் மாதிரியைச் செய்திருந்தார். அங்கிருந்து சென்னைக் கண்காட்சிக்கு ஒரே ஒரு மாதிரிதான் தேர்வாகும்.

ஆறு மணியானதும் கப்பலின் விளக்குகள் தாமாகவே மங்கின. நடுவர் முகம் சுளித்தார்.

“விண்வெளியில போற வழியில சூரியன் மறையவே மறையாதே. எதுக்கும்மா இந்த வீண் சுமை?”

“அதனாலதாங்க வச்சேன். நாங்க ஜைனருங்க, பொழுது சாஞ்சா சாப்பிட மாட்டோம். சாயங்காலமே இல்லன்னா எப்போ சாப்பிடறது, எப்போ தூங்கறதுன்னு உடம்புக்கே தெரியாதுங்க. மாசக்கணக்கா சரியா தூங்காதவன் கப்பல எப்படி ஓட்டுவான்?”

நடுவர் சிரித்துவிட்டார். “அப்போ ராத்திரி பசிச்சா?”

“ஜல்தியா அஞ்சரைக்கே சாப்ட்டுக்கட்டுங்க.”

தேர்வான பெயர் தர்மதேவி என்று ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். அடுத்த திங்கட்கிழமை மாதிரிக் கப்பலோடு அவர் சென்னைக்கு பஸ் ஏறினார்.