தொட்டிக்கும் ஒரு தடைக்காலம்

இரண்டு வருடத்துக்கு முன்பு, சித்திரை வெயிலில், திருவொற்றியூரில் எங்கள் வீட்டு முன்னறையில் நடந்தது இது. நான் காசிமேட்டில் விசைப்படகு ஓட்டுகிறவன். மீன் இனம் பெருக வேண்டும் என்று வருடத்தில் இரண்டு மாதம் தடைக்காலம், எங்களைக் கடலுக்குள் விடமாட்டார்கள். அந்த நாட்களில் என்னை வீட்டில் வைத்துச் சமாளிப்பது பெரும்பாடு என்பாள் என் மனைவி. நன்றாக ஓடுகிற மின்விசிறியைக் கழற்றித் துடைப்பேன். கொதிக்கிற குழம்பைத் திறந்து திறந்து பார்ப்பேன். கை சும்மா இருக்காது.

அந்த வருடம் மகளும் எங்களோடு இருந்தாள். முதல் பிள்ளை மூன்றாம் மாதமே கலைந்து போயிருந்தது. இது இரண்டாவது, நான்காம் மாதம். எழுந்து நடமாடக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால், மாப்பிள்ளை எங்களிடம் கொண்டுவந்து விட்டிருந்தார். நாள் முழுக்கச் சுவரைப் பார்த்தபடி படுத்திருப்பாள். எனக்குப் பொறுக்கவில்லை. வண்ணாரப்பேட்டையில் வளர்ப்பு மீன் கடை வைத்திருக்கும் பாய் என் பழைய தோஸ்து. அவரிடமிருந்து கண்ணாடித் தொட்டியும் ஒரு ஜோடி ஏஞ்சல் மீனும் வாங்கிவந்து அவள் கட்டிலுக்கு எதிரே வைத்தேன். ஜோடி சேர்ந்த மீன், பக்குவமாகப் பார்த்துக்கொண்டால் முட்டை வைக்கும் என்றார் பாய்.

தெருமுனையில் கண்டெய்னர் லாரி போனாலே தொட்டித் தண்ணீர் நடுங்கும். பழைய வலையை மடித்து அடியில் போட்டேன். குழாய்த் தண்ணீரை ஒருநாள் முழுக்க டிரம்மில் வைத்திருந்து, கொஞ்சம் குளிர்ச்சியாக ஊற்றினேன். மழை வந்துவிட்டது என்று மீன் நினைத்துக்கொள்ளுமாம். மதியங்களில் ஜன்னல் துணி வழியே வரும் பச்சை வெளிச்சத்தில், நீளத் துடுப்புகளோடு இரண்டும் அசைந்து அசைந்து போகும். துறைமுகத்துப் பக்கமிருந்து கப்பல் சங்கு மெல்லக் கேட்கும். மகள் பார்த்துக்கொண்டே தூங்குவாள், விழித்ததும் மறுபடி பார்ப்பாள். வீடே தண்ணீருக்கடியில் இருப்பதுபோல இருக்கும். எனக்கும் நேரம் போவது தெரியாது.

பத்தாம் நாள், முட்டை வைக்கவென்று தொட்டிக்குள் சாய்த்து வைத்திருந்த கூரை ஓட்டில் வரிசை வரிசையாக முட்டைகள்.

"நைனா, இதுங்களாவது நல்லபடியா பொரிச்சா போதும்" என்றாள் மகள். அவள் எதோடு எதை முடிச்சுப் போடுகிறாள் என்று புரிந்தது.

பயத்தில் பாதி, சந்தோஷத்தில் பாதி, எனக்குத் தலைகால் புரியவில்லை. செல்போன் டார்ச் அடித்து முட்டைகளை எண்ணினேன். எதிர்வீட்டுக்காரர்களைக் கூப்பிட்டுக் காட்டினேன். ஓடு சரியாகச் சாயவில்லை என்று கையை விட்டு நகர்த்தவும் செய்தேன். சாயங்காலம் பார்த்தால் ஓடு வெறுமையாக இருந்தது. பெற்றவையே தின்றுவிட்டிருந்தன. மகள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். பாய்க்குப் போன் போட்டேன்.

"பயந்துச்சுன்னா அதுவே துன்னுடும் மாமு. நீ இன்னா பண்ண?" என்றார். என்ன செய்தேன் என்று சொல்லாமலே போனை வைத்துவிட்டேன்.

மீன் விற்றுவிட்டுக் கூடையோடு வீடு திரும்பிய மனைவி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு இடுப்பில் கை வைத்தாள்.

"யோவ், மீனு பெருகட்டும்னு அம்மாம் பெரிய கடலையே வுட்டுட்டு குந்திகினுகீற. ரெண்டடி தொட்டிய உன்னால வுட முடியலியா? இன்னிலேருந்து உனக்கு இங்க தடைக்காலம்!"

தன் பழைய புடவையை எடுத்துத் தொட்டியின் மூன்று பக்கமும் சுற்றிக் கட்டினாள். கட்டிலில் இருந்து பார்க்க மட்டும் ஒரு பக்கம் திறந்திருந்தது. மகள் சிரித்துவிட்டாள். பல மாதங்களுக்குப் பிறகு அவள் சிரித்து அன்றுதான் கேட்டேன். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "எனக்கும் சேத்து ஒரு புடவ கட்டும்மா. நைனா நிமிசத்துக்கு ஒரு தபா வந்து எப்டிகீது எப்டிகீதுன்னு கேக்கசொல்லோ, எனக்கு இன்னும் பயமாகீது."

வார்த்தையால் என்னை யாரும் அப்படி அடித்ததில்லை.

இரண்டு வாரம் கழித்து மறுபடி முட்டை வைத்தன. நான் வாசல்படியில் தெருவைப் பார்த்து உட்கார்ந்துகொண்டேன். தண்ணீர் மாற்றும்போது மட்டும் உள்ளே போய், கீழே பார்த்தபடியே வெளியே வருவேன். மகளிடமும் ஒன்றும் கேட்பதில்லை. அவளாகவே, பொரித்துவிட்டது, ஓட்டில் ஒட்டிக்கொண்டு வால் துடிக்கிறது என்று சொன்னாள்.

மறுநாள் மதியம். மனைவி வியாபாரத்துக்குப் போயிருந்தாள். "நைனா! துன்னுதுப்பா!" என்று உள்ளேயிருந்து அலறினாள் மகள்.

ஓடினேன். ஆண் மீன் குஞ்சுகளை ஒவ்வொன்றாக வாய்க்குள் இழுத்துக்கொண்டிருந்தது. என் கை தொட்டி விளிம்புக்குப் போய்விட்டது. விரல் நுனி தண்ணீரில் பட்டது. அப்போதுதான் அந்தப் புடவை கண்ணில் பட்டது. எப்படி முடிந்தது என்று இன்றும் தெரியவில்லை, கையை எடுத்துப் பின்னால் கட்டிக்கொண்டேன். மகள் கட்டிலில் இருந்தபடியே என் சட்டை நுனியைப் பிடித்திருந்தாள்.

அந்த மீன் மெதுவாக தொட்டியின் எதிர்ப்பக்கம் இருந்த செடியின் அகல இலைக்குப் போனது. வாயிலிருந்த குஞ்சுகளை ஒவ்வொன்றாக ஊதி இலையில் ஒட்டியது. பெண் மீன் வந்து துடுப்பால் விசிறியது. தின்னவில்லை, வீடு மாற்றிக்கொண்டிருந்தது! நாங்கள் இரண்டு பேரும் அழுதோம்.

தடைக்காலம் முடிந்து நான் கடலுக்குக் கிளம்பிய அன்று, தாயும் தகப்பனும் முன்னால் போக, ஒரு சின்னக் கூட்டம் பின்னால் நீந்திக்கொண்டிருந்தது. ஐப்பசி மழையில் பேத்தி பிறந்தாள். இப்போது அதே அறையில் தள்ளாடித் தள்ளாடி ஓடுகிறாள். அவள் சாயும்போதெல்லாம் என் கை தானாக நீளும். மகள் என்னை ஒரு பார்வை பார்ப்பாள். கையைப் பின்னால் கட்டிக்கொள்வேன். விழுந்தவள் தானே எழுந்து என்னைப் பார்த்துச் சிரிக்கும்போது, வருடா வருடம் கடலை விட்டு விலகி நின்றும் எனக்குப் புரியாததை அந்த இரண்டு மீன்கள் அல்லவா புரியவைத்தன என்று நினைத்துக்கொள்கிறேன்.