‘கு’வை அடித்து ‘மு’ போட்டவர்

பாடநூல் அச்சகத்துப் புள்ளியக்காவை அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள் என்று காலை பத்து மணிக்கு பைண்டிங் பிரிவில் ஒரு வதந்தி. பதினொரு மணிக்கு அது அவர் கணவரையும் சேர்த்து அள்ளியிருந்தது. மெனக்கெட்டு மாடியேறி விசாரித்தால், அக்கா தன் நாற்காலியில்தான் இருந்தார். சிவப்புப் பேனாவின் மூடியைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக. வதந்தி கொஞ்சம் முந்திக்கொண்டது, அவ்வளவுதான்.

இருபத்திரண்டு வருடமாக புரூஃப் திருத்துகிறார். விட்டுப்போன புள்ளி பத்தடி தள்ளியிருந்தாலும் பிடித்துவிடுவதால் வந்த பெயர். மளிகைச் சீட்டைக்கூடத் திருத்திவிட்டுத்தான் கணவரிடம் கொடுப்பார். அட்டவணை என்றால் அவருக்குத் தனி முறை. இடது ஓரத்துக் கட்டங்களை ஸ்கேலால் மூடிவிட்டு மற்றதை மட்டும் படிப்பார். எந்த நாடு, எந்த ஊர் என்று பார்த்தால் கவனம் விஷயத்துக்குப் போய்விடுமாம், எழுத்து தப்பிவிடுமாம்.

ஒன்பதாம் வகுப்புப் புத்தகத்தில் ‘உலக நாடுகளின் ஆட்சி முறைகள்’ என்று ஓர் அட்டவணை. கல்வித்துறையே பெருமையோடு நிரப்பி அனுப்பியது. மூன்றாம் வரிசையில் தலைவர் பதவிக்கு வந்தது ‘தந்தைக்குப் பின்’, இருப்பது ‘ஆயுள் வரை’, அடுத்து வருபவர் ‘மூத்த மகன்’, ஆட்சி வகை ‘முடியாட்சி’. ஆறாம் வரிசையிலும் அதே தந்தை, அதே ஆயுள், அதே மூத்த மகன். கடைசிக் கட்டத்தில் மட்டும் ‘குடியாட்சி’. டைப் அடித்தவன் தூங்கிவிட்டான் போல என்று முணுமுணுத்து, ‘கு’வை அடித்து ‘மு’ போட்டு, ஓரத்தில் கையெழுத்தும் போட்டார் அக்கா.

ஸ்கேலுக்கு அடியில் இருந்தது ‘நம் நாடு’.

நாற்பதாயிரம் பிரதி அச்சாகி, பாதி பள்ளிகளுக்குப் போன பிறகுதான் தெரிந்தது. அன்றிலிருந்து வாசலில் எந்த வண்டி நின்றாலும் அக்கா ஜன்னலுக்குப் போய் எட்டிப்பார்த்தார். தையல்கடை வைத்திருக்கும் கணவர் ஒரு பையில் மாற்றுத்துணி, மூக்குக்கண்ணாடி, பிரஷர் மாத்திரை எல்லாம் எடுத்து வைத்தார். யாருக்கு என்று இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

“கேட்டா கண்ணு சரியாத் தெரியலன்னு சொல்லிடு.”

“வேலை போயிடும்ங்க.”

“வேலை மட்டும் போனா நல்லதுதானே.”

நான்காம் நாள் பட்டப்பகலில் துறை அதிகாரி வந்தார். புரூஃப் தாளை மேசையில் விரித்தார். கையெழுத்து தன்னுடையதுதான் என்று அக்கா ஒப்புக்கொண்டார். எப்படி நடந்தது என்று கேட்டதற்கு, ஸ்கேலை எடுத்து வைத்துக் காட்டினார். அதிகாரி மூன்றாம் வரிசையைப் படித்தார். ஆறாவதைப் படித்தார். மறுபடி மூன்றாவதற்குப் போனார். பிறகு எழுந்து போய் கதவைத் தானே சாத்திவிட்டு வந்தார்.

“ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்னு உங்களுக்குத் தெரியாதா?”

“தெரியும் சார்.”

“சொல்லுங்க, எழுதிக்கிறேன்.”

அக்கா பேனா மூடியைக் கழற்றி மாட்டினார். எதைச் சொன்னாலும் அது தாளில் ஏறும். அதிகாரியின் பேனாவும் ஒரு விரற்கடை மேலேயே நின்றது. தவறு என்னவென்று எழுத வேண்டியவர் அவர், எழுதியதன் கீழே கையெழுத்துப் போட வேண்டியவரும் அவரே.

“எனக்கு ரெண்டு பிள்ளைங்கம்மா” என்றார் திடீரென்று, குரலை இறக்கி.

கடைசியில் முடிவானது இது. எல்லாப் பிரதியிலும் ஒரு சின்ன ‘கு’வை ஒட்ட வேண்டும். அக்கா இப்போதைக்கு வேலையில் இருக்கலாம். ஆனால் அந்த இரண்டு வரிசைகளும் எப்படி வேறு என்று அரைப் பக்கத்தில், தன் கையெழுத்தில், அவரே விளக்கம் எழுதித் தர வேண்டும். அவசரமில்லை. தரும் வரை ஊரைவிட்டு மட்டும் போகக் கூடாது.

‘நம் நாடு குடியாட்சி. ஏனெனில்’ வரை அக்கா எழுதியிருக்கிறார். பிழை ஒன்றும் இல்லை. திங்கட்கிழமைதோறும் அதிகாரி போன் செய்து உடம்பு எப்படி என்று விசாரிக்கிறார், வேறெதுவும் கேட்காமல் வைத்துவிடுகிறார். ஏழு வாரம் ஆயிற்று. அரைப் பக்கம் இன்னும் பாக்கி.