அம்மா வளைத்த இடம்

போன கிழமை மகளின் பள்ளிக்கூடப் பாடகர் குழு ஓர் எபிரேயத் துதிப்பாடலைப் பாடியது. இரண்டாம் குரல் ஓரிடத்தில் மெல்ல வளைந்து இறங்கியபோது, நான் ரொறன்ரோவில் நாங்கள் முதலில் இருந்த பேஸ்மென்ற்றுக்குப் போய்விட்டேன்.

அது எண்பத்தைந்தாம் ஆண்டு. மேலே வீட்டுக்காரர் சாமுவேல் அங்கிள். யூதர், தங்கள் கோயில் பாடகர் குழுவுக்காக அந்தப் பழைய துதிக்கு நாலு குரலில் மெட்டமைத்துக்கொண்டிருந்தார். அவருடைய பியானோச் சத்தம் கறி மணக்கும் எங்கள் குசினிக்குள் இறங்கும். சனிக்கிழமை மட்டும் கேட்காது. அது அவர்களின் ஓய்வுநாள். பொழுதுபடும்வரை எழுதுவதும் பியானோ வாசிப்பதும் விலக்கு.

அப்படியொரு சனிக்கிழமைதான் தேடித்திரிந்த இரண்டாம் குரல் அவருக்கு அகப்பட்டது. எழுத முடியாததால், மறந்துவிடாமல் இருக்கக் காலை முழுதும் அறைக்கு அறை நடந்து பாடினார். கீழே எங்கள் குசினிக்கும் அது கேட்டுக்கொண்டேயிருந்தது. மத்தியானம் அயர்ந்து தூங்கிவிட்டார். பொழுதுபட்டதும் வெளிறிய முகத்தோடு வந்து எங்கள் கதவைத் தட்டினார். காலையில் பாடியது மறந்துபோய்விட்டதாம். அவருடைய ஆங்கிலத்தை அம்மாவுக்குத் தமிழில் சொன்னேன்.

"உதோ? உது எனக்குப் பாடமெல்லோ," என்றார் அம்மா.

புட்டுக்கு மா குழைத்த கையோடு மேலே போய், பியானோவுக்குப் பக்கத்தில் நின்று பாடினார். தேவாரம் பாடிப் பழகிய தொண்டை ஓரிடத்தில் தன்பாட்டுக்கு வளைந்தது.

"ஐயோ, அதிலை பிழை விட்டிட்டன். அதை எழுதவேண்டாமெண்டு சொல்லு பிள்ளை."

சொன்னேன். அவருடைய பென்சில் நிற்கவில்லை.

அம்மா இப்போது இல்லை. மேடையில் முப்பது பிள்ளைகள் அந்தப் பிழையை அப்படியே பாடினார்கள்.