உப்புக்குள் ஒரு தாலிக்கொடி

லண்டனில் மிச்சம் என்ற பகுதியில் வோஷிங் மெஷின் வாங்க நினைக்கும் தமிழர் முதலில் ஞானரட்ணத்திடம் போவார்கள். பிறகு கடைக்குப் போய், அவர் வேண்டாமென்று சொன்னதை வாங்குவார்கள். இதனால் இரு தரப்புக்கும் மனவருத்தம் வந்ததில்லை. கேட்டவர்களுக்குக் கேட்ட திருப்தி, அவருக்குச் சொன்ன திருப்தி. மெஷின் பழுதாகும் நாளில் “நான் அப்பவே சொன்னனான்” என்று சொல்லும் மேலதிகத் திருப்தியும் அவருக்கே.

குறோய்டனில் ஓர் இன்சூரன்ஸ் கொம்பனியில் அவருக்கு வேலை. வேலை முடிந்தால் நூலகம். எந்தப் பொருளை எவன் எப்படிச் சோதித்து எத்தனை நட்சத்திரம் கொடுத்தான் என்று எழுதும் சஞ்சிகைகள் அங்கே ஒரு மூலையில் இருந்தன. அந்த மூலையின் கதிரையில் வேறு யாரும் உட்காருவதில்லை. காருக்கான ஆராய்ச்சியை எண்பத்து நான்கில் தொடங்கியவர், தொண்ணூறுகளிலும் பஸ்ஸில்தான் போய்வந்தார். வீட்டிலிருந்த ஃபிரிட்ஜ், ரீவி, சோபா எல்லாம் அவர் இன்னும் யோசித்துக்கொண்டிருந்த காலத்தில் மனைவி தவமலர் மலிவு விற்பனையில் வாங்கிப் போட்டவை. ஆஸ்பத்திரிச் சமையலறையில் வேலைசெய்த தவமலருக்குப் பொருள் வாங்கத் தேவைப்பட்டதெல்லாம் ஒரு சனிக்கிழமை.

ஞானரட்ணம் முடிவுகண்ட விஷயம் வாழ்க்கையில் ஒன்றே ஒன்றுதான். மாமனார் சீதனமாக எழுதித் தந்த காணியில் இரண்டு பரப்பு நிலம் குறைகிறது என்பது அது. சோறு குழைந்தால் அந்த இரண்டு பரப்பு வரும். பஸ் பிந்தினாலும் வரும். மாமனார் செத்து வருஷங்களாகிவிட்டன. காணியையோ ராணுவம் பிடித்து வைத்திருந்தது. குறைந்த இரண்டு பரப்பை மட்டும் ஞானரட்ணம் பிடித்து வைத்திருந்தார்.

தொண்ணூற்றிரண்டாம் ஆண்டு மாரியில், தவமலரின் தம்பி பாலேந்திரா மேற்கு ஆஸ்திரேலியாவிலிருந்து போன் எடுத்தான்.

“அத்தான், இஞ்சை உள்ளுக்கை போனா உப்பு ஏரியள் கிடக்கு. ஏரியெண்டா தண்ணி இல்லை. கண்ணுக்கெட்டின மட்டும் உப்பு. அதின்ரை கரையளிலை சனம் மெஷின் பிடிச்சுத் தங்கம் எடுக்குதுகள். நீங்க லீவு போட்டிட்டு வாங்கோ, ரெண்டு பேருமாப் போவம்.”

“மெஷின்?”

“அதுதானே அத்தான் உங்களிட்டைக் கேக்கிறன். எது நல்லதெண்டு நீங்கதான் பாத்து வாங்கிக்கொண்டு வரவேணும்.”

‘வாங்கிக்கொண்டு’ என்ற சொல்லை அவரிடம் அதுவரை யாரும் பாவித்ததில்லை. அன்று சோறு குழைந்தே இருந்தது. அவர் கவனிக்கவில்லை.

ஒரு வருஷத்துக்கு மேல் போயிற்று. இந்த விஷயம் தனக்கென்றே படைக்கப்பட்டது என்று அவருக்கு விளங்கியது. மெஷின் என்பது ஒரு தடி, அதன் நுனியில் சாப்பாட்டுப் பீங்கானளவு ஒரு தட்டு. தட்டு நிலத்துக்குள் மின்காந்த அலையை அனுப்பும், கீழே உலோகம் இருந்தால் சத்தம் போடும். சாதாரண நிலத்தில் இவ்வளவுதான் கதை. ஆனால் ஈர உப்பு மின்சாரத்தைக் கடத்தும். ஆகவே உப்பு ஏரியில் மெஷின் எங்கே வைத்தாலும் கத்தும். உப்பைப் பொருட்படுத்தாதே என்று அதைத் திருகி அடக்கலாம். அடக்கினால் சின்னத் தங்கத்தையும் அது பொருட்படுத்தாது, ஏனென்றால் அதன் காதுக்குச் சின்னத் தங்கமும் ஈர உப்பும் ஏறக்குறைய ஒரே குரல். பெரிய தட்டு ஆழத்துக்குப் போகும், உப்பையும் கூடக் கேட்கும். சின்னத் தட்டு உப்பைக் குறைவாகக் கேட்கும், ஆழத்தை விட்டுவிடும். இன்னொரு ரகம் உப்புக்கு மசியாது, ஆனால் துருப்பிடித்த ஆணியைக் கண்டாலும் புதையல் கண்டதுபோல் குதிக்கும்.

ஒவ்வொரு நன்மையும் ஒரு தீமையைக் கையில் பிடித்துக்கொண்டு வந்ததைப் பார்க்க அவருக்கு ஆனந்தமாக இருந்தது. தோர்ண்டன் ஹீத்தில் ஒரு பிறந்தநாள் விழாவில் தட்டின் விட்டம் பற்றி அவர் பேசத் தொடங்கியபோது கேக் வெட்டவில்லை. முடித்தபோது கேக் இல்லை.

கடைசியில், பல அலைகளை ஒரே நேரத்தில் அனுப்பி உப்பையும் தங்கத்தையும் பிரித்தறியும் ஒரு மெஷினைத் தெரிந்தெடுத்தார். அது ஆஸ்திரேலியாவில் செய்யப்பட்டது. அங்கே செய்து, கப்பலில் லண்டனுக்கு வந்து, மிச்சத்தில் ஒருவர் ஆராய்ந்து ஒப்புக்கொண்டபின் திரும்ப ஆஸ்திரேலியாவுக்கே போவது மெஷினுக்குப் பெருமை என்பதுதான் அவர் அபிப்பிராயம். தொண்ணூற்று நான்காம் ஆண்டு வசந்தத்தில் அதை வாங்கினார். அவர் தன் கையால் வாங்கிய முதற்பொருள். பெட்டி வந்த அன்று தவமலர் அதைத் தொட்டுப் பார்த்தாள். கடவுளே, வாங்கிப்போட்டார்.

சோதிக்காமல் கொண்டுபோக அவர் மனம் ஒப்பவில்லை. சோதிக்க உப்பு ஏரி வேண்டும். மிச்சத்தில் அது இல்லாத குறையை அவரே தீர்த்தார். சிறுபிள்ளைகள் குளிக்கும் நீல பிளாஸ்டிக் தொட்டி ஒன்றைக் கொல்லையில் பரப்பினார். பிறகு யோகராஜாவின் பலசரக்குக் கடைக்குப் போய், மூட்டைக் கணக்கில் உப்புக் கேட்டார்.

“என்ன அண்ணை, கருவாடு போடப் போறியளோ?” என்றான் யோகராஜா.

“ஒரு பரிசோதனை.”

“மீனையும் இஞ்சையே வாங்குங்கோவன்.”

உப்பையும் மண்ணையும் தண்ணீர் விட்டுக் குழைத்தாயிற்று. இனித் தங்கம் வேண்டும். வீட்டிலிருந்த தங்கத்தில் பாரமானது தவமலரின் தாலிக்கொடி. விசேஷங்களுக்கு மட்டும் அலுமாரியிலிருந்து வெளியே வருவது.

“விசரே உங்களுக்கு? தாலிக்கொடியை உப்புக்குள்ளை புதைக்கிறதோ?”

“தங்கம் துருப்பிடிக்காதப்பா.”

“துருப்பிடிக்கிறதைப் பற்றி ஆர் கதைச்சது? அது தாலி!”

தம்பியின் காரியம் என்பதால் இறங்கிவந்தாள். தாலியையும் காசுகளையும் கழற்றி மஞ்சள் கயிற்றில் கோத்துத் தன் கழுத்தில் கட்டிக்கொண்டு, வெறும் சங்கிலியை நீட்டினாள். ஞானரட்ணம் அதை உப்புச் சேற்றில் புதைத்து, காதுகளில் ஹெட்போனை மாட்டி, மெஷினை உப்புக்கு ஏற்றபடி திருகி, தொட்டியின் மேல் தட்டை மெல்ல வீசினார்.

சத்தம் இல்லை.

இன்னொருமுறை வீசினார். நித்திரையில் யாரோ முனகுவதுபோல ஒன்று கேட்டது. அதுவும் அவருடைய ஆசையாக இருக்கலாம். ஹெட்போனைக் கழற்றிச் சத்தத்தை வெளியே விட்டார். தவமலரும் காது கொடுத்தாள். தெருவில் ஐஸ்கிரீம் வான்தான் கேட்டது.

“தள்ளுங்கோ,” என்றாள். தன் கையிலிருந்த காப்பை, கலியாணத்துக்குத் தகப்பன் போட்ட கெட்டிக் காப்பை, கழற்றிச் சேற்றுக்குள் அழுத்தினாள். “இப்ப பிடியுங்கோ.”

மெஷின் அலறியது. பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. ஞானரட்ணம் காப்பை எடுத்துவிட்டு, ஒரு சோடா ரின்னின் மூடி வளையத்தைப் போட்டார். அதற்கும் அலறியது. கொடியை மறுபடி வைத்தார். மௌனம்.

“மெஷின் நல்ல மெஷின்தான்,” என்றார் மெதுவாக. “உந்தக் கொடியிலைதான் ஏதோ கலப்புக் கிடக்கு.”

தவமலர் அவசரப்படவில்லை. காப்பைக் கழுவி, துடைத்து, கையில் ஏற்றினாள்.

“இஞ்சேருங்கோ. காப்புப் போட்டது என்ரை ஐயா. கொடி செய்தது ஆர்?”

அவர் தொட்டியிலிருந்த சேற்றைக் கிளறினார்.

“பொன்னுருக்கு உங்கடை வீட்டிலைதானே நடந்தது? மாமிதானே பத்தருக்குப் பக்கத்திலை கதிரை போட்டிருந்து செய்விச்சவ?”

யாழ்ப்பாணத்தில் பொன்னுருக்கி, பத்தரைக்கொண்டு தாலிக்கொடி செய்விப்பது மாப்பிள்ளை வீட்டார். இது ஞானரட்ணத்துக்குத் தெரியாததல்ல. தட்டின் விட்டத்தையும் அலைகளின் எண்ணிக்கையையும் யோசித்த மனிதர் இதை மட்டும் யோசிக்க மறந்துவிட்டார். மெஷின் சொல்வது உண்மையென்றால் அவருடைய அம்மா மருமகளின் கழுத்தில் கலப்படத்தைக் கட்டுவித்தவள். அம்மா நேர்மையானவளென்றால், வாழ்க்கையில் அவர் தேர்ந்து வாங்கிய ஒரே பொருள் குப்பை. இரண்டு பக்கமும் நியாயம் உள்ள பிரச்சினை எதுவென்றாலும் சுவைப்பவர் அவர். இது மட்டும் சுவைக்கவில்லை.

“சனிக்கிழமை முருகேசண்ணையிட்டைக் கொண்டுபோவம்,” என்றாள் தவமலர். “உரைச்சுப் பாத்துச் சொல்லட்டும். நல்ல பவுணெண்டா மெஷின் கூடாது. கூடாத பவுணெண்டா, ரெண்டு பரப்புக் குறைஞ்சது ஆரின்ரை பக்கத்திலை எண்டு பிறகு கதைப்பம்.”

முருகேசன் அப்டன் பார்க்கில் நகைக்கடை வைத்திருந்தவர். லண்டன் யாழ்ப்பாணத்தாரில் பாதிப்பேரின் தங்கம் அவர் கல்லில் உரைபட்டிருக்கும். வெள்ளிக்கிழமை மத்தியானம் ஞானரட்ணம் கந்தோரிலிருந்து அவருக்குப் போன் எடுத்தார்.

“முருகேசண்ணை, நாளைக்குத் தவமலரோடை வாறன். ஒரு கொடி உரைக்க வேணும். என்ன கிடந்தாலும் நல்லதெண்டு சொல்லிவிடுங்கோ.”

“என்ன கிடந்தாலுமோ?”

“பித்தளை எண்டாலும்.”

“சரி, வாங்கோ,” என்றார் முருகேசன்.

சனிக்கிழமை விம்பிள்டனுக்குப் பஸ், அங்கிருந்து ரயில். வழியெல்லாம் தவமலர் கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்திருந்தாள். முருகேசன் கொடியைக் கல்லில் உரைத்தார். திராவகம் விட்டார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

“சோக்கான சாமான். இருபத்திரண்டு கரட். இப்ப உப்பிடி ஆர் செய்யிறாங்கள்?”

“அப்ப மெஷின்தான் கூடாது,” என்றாள் தவமலர்.

“ஓம் ஓம், மெஷின்தான்,” என்றார் ஞானரட்ணம். அம்மாவைக் காப்பாற்றிவிட்ட தெம்பில் கடையை விட்டு வெளியே வந்தார். எதிரே ஒரு மின்சாமான் கடையின் கண்ணாடியில் தண்ணீர் கொதிக்கவைக்கும் கேத்தில்கள் வரிசையாக நின்றன. தவமலர் உள்ளே கொடியில் தாலியைக் கோப்பிக்கும் வரை அவற்றை ஆராய்ந்துகொண்டு நின்றார். மூன்றாவது கேத்திலில்தான் அவருக்கு உறைத்தது: முருகேசன் சொன்னது முருகேசனுடைய சொல்லா, தன்னுடைய சொல்லா?

திரும்பப் போய்க் கேட்கலாம். கேட்டாலும் அந்த மனிதர் நல்லதென்றுதான் சொல்வார், சொல்லச் சொன்னது ஞானரட்ணம்தானே. வேறு பத்தரிடம் கொண்டுபோகலாம். ஆனால் அன்று முதல் தவமலர் கொடியைக் கழற்றவில்லை. குளிக்கும்போதும் கழுத்தில், ஆஸ்பத்திரி மேலங்கிக்குள்ளும் கழுத்தில். ஆயுள் முழுக்கச் சோதனை அறிக்கைகளை நம்பி வாழ்ந்தவர், தனக்கு வேண்டிய ஒரேயொரு அறிக்கையைத் தானே எழுதிக் கொடுத்துக் கெடுத்துவிட்டார்.

மெஷின் மாடிப்படிக்குக் கீழே போயிற்று. அதற்காக வாதாட அவரால் ஏலாது, வாதாடினால் அம்மா அகப்படுவாள். பாலேந்திரா போன் எடுக்கும்போதெல்லாம் “இன்னும் பாக்கிறன், தம்பி” என்றார். அவன் காத்திருந்து அலுத்து, வீட்டுக்குப் பக்கத்துக் கடையில் முன்னால் தொங்கினதை வாங்கிக்கொண்டு தனியே போனான்.

சீதனக் காணியும் பேச்சிலிருந்து மறைந்தது. யார் எந்தக் கலியாணத்தில் என்ன குறைத்தார்கள் என்ற கதை எங்கே எழும்பினாலும் ஞானரட்ணம் காலநிலைக்கு மாறினார். சோறு குழைந்தது. பஸ் பிந்தியது. இரண்டு பரப்பு வரவில்லை. மிச்சத்துச் சனம் அவரிடம் டிஷ்வோஷர் பற்றிக் கேட்க வந்தால், “எல்லாம் ஒண்டுதான், உங்களுக்குப் பிடிச்சதை வாங்குங்கோ” என்றார். சனம் பயந்துபோய், அவருக்குச் சுகமில்லையோ என்று தவமலரை விசாரித்தது.

இப்படியே மூன்று வருஷம். தொண்ணூற்றேழில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பாலேந்திரா எடுத்தான். உப்பு ஏரிக் கரையில் பயறளவு தங்கம் கொஞ்சமும், ஒரு ட்ராக்டர் ஆணியும் எடுத்திருந்தான்.

“ஒரு பகிடி கேளுங்கோ அத்தான். எங்களோடை வந்தவன் ஒருத்தன் கழுத்துச் சங்கிலியைத் துலைச்சிட்டான். நல்ல மொத்தச் சங்கிலி. எல்லாற்றை மெஷினையும் பிடிச்சுப் பாத்தம், ஒண்டும் கேக்கேல்லை. கடைசியா அவன்ரை சப்பாத்துக்குள்ளை கிடந்தது.”

“கேக்கேல்லையோ?”

“சங்கிலி எண்டா இந்த மெஷினுகளுக்கு ஒரு துண்டு தங்கமாத் தெரியாதாம். கனக்கக் குட்டிக் கண்ணியளாத்தான் தெரியுமாம். அதுகும் உப்புக்குள்ளை சொல்லவே வேண்டாம். காப்பு, மோதிரம் மாதிரிக் கெட்டி வளையம் எண்டாத்தான் கத்துமாம். இது இஞ்சை சின்னப் பிள்ளைக்கும் தெரியுமாம் அத்தான்.”

ஞானரட்ணம் போனை வைத்தார். அம்மாவும் சுத்தம், மெஷினும் சுத்தம். ஒரே கணத்தில் இரண்டும் திரும்பி வந்தன. குசினிக்குள் ஓடினார். தவமலர் பயித்தங்காய் முறித்துக்கொண்டிருந்தாள்.

“இஞ்சேர், மெஷினிலை பிழை இல்லையாம்.”

“ம்.”

“சங்கிலி எண்டா அதுக்குக் கேக்காதாம். எவ்வளவு நல்ல பவுணெண்டாலும் கேக்காதாம்!”

“நல்ல பவுணெண்டு முருகேசண்ணை அண்டைக்கே சொல்லிப்போட்டாரே. இப்ப என்ன புதுசா?”

அவர் அங்கேயே நின்றார். முருகேசன் சொன்னதில் தனக்கு ஏன் நம்பிக்கை இல்லாமல் போனது என்று சொல்லாமல், இந்தச் செய்தியின் மகிமையை அவளுக்கு விளக்க வழியில்லை. வாழ்க்கையில் இரண்டாம் முறையாக ஒரு முடிவு கண்டிருந்தார். அதைச் சொல்ல ஆளில்லை.

“நீங்க சொல்லச் சொன்னதையும் சொன்னவர்,” என்றாள் தவமலர், காயிலிருந்து கண்ணை எடுக்காமல்.

“ஆர்?”

“முருகேசண்ணை. நீங்க எதிர்க்கடையிலை கேத்தில் பாக்கப் போனனீங்களெல்லோ, அப்ப. ‘தங்கச்சி, உம்மடை மனுசன் நேற்றுப் போன் எடுத்து, பித்தளை எண்டாலும் நல்லதெண்டு சொல்லச் சொன்னவர். கடவுள் புண்ணியத்திலை பொய் சொல்ல வேண்டி வரேல்லை, இது அசல் பவுண்’ எண்டார்.”

ஞானரட்ணம் கதிரையில் உட்கார்ந்தார்.

“மூண்டு வருசமாத் தெரிஞ்சுகொண்டே இருந்தனீர்?”

“ஓம்.”

“ஏனப்பா ஒரு வார்த்தை சொல்லேல்லை?”

“ஐயா தந்த காணியிலை ரெண்டு பரப்புக் குறைஞ்ச கதை மூண்டு வருசமா இந்த வீட்டிலை கேக்கேல்லை. நல்ல நிம்மதியாக் கிடந்தது. அதை ஏன் கெடுப்பான் எண்டு விட்டிட்டன்.”

ஞானரட்ணம் வாயைத் திறந்தார். இரண்டு பரப்பும் நாக்கு நுனிவரை வந்துவிட்டன. தவமலர் பயித்தங்காயைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தாள்.

“கேத்தில் பழசாப் போச்சு,” என்றார் அவர். “நல்லதொண்டு பாக்கட்டோ?”

“போன கிழமை வாங்கியாச்சு. அதிலை ஊத்தின தேத்தண்ணிதான் காலமை குடிச்சனீங்கள்.”