அடிக்குப் பயந்து ஒளிந்த தங்கை

சித்திரையில் அம்மா இறந்துவிட்டாள். அப்பாவுக்குக் கொழும்பில் கடை வேலை. ஆறு வயதுத் தங்கை செண்பகத்தை நான்தான் வளர்க்கிறேன். அடித்தால்தான் பிள்ளை உருப்படும் என்று நம்பினேன். ஓடிப்போனால் நைசாகக் கூப்பிட்டு, கிட்டே வந்ததும் அடிப்பேன்.

ஆடிச் சாரலில் ஒரு நாள், தென்காசியில் சிற்றாற்றில் துவைத்துக்கொண்டிருந்தேன். அவள் ஆற்றுக்குள் ஒரு பாறைமேல் விளையாடினாள். திடீரென்று தண்ணீர் செம்மண் நிறமானது. குற்றால மலையில் பெருமழை பெய்தால் இப்படித்தான் வெள்ளம் வரும்.

“ஏட்டி செண்பகம், இங்கன வாட்டி!”

அவள் பாறைக்குப் பின்னால் ஒளிந்தாள். “வரமாட்டேன். நீ அடிப்பே!”

“அடிக்கமாட்டேன்ட்டி, வெள்ளம் வருது!”

“நேத்தும் இப்படிச் சொல்லித்தானக்கா அடிச்சே!”

அது உண்மைதான். இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கினேன். அவள் இன்னும் பின்னால் நகர்ந்தாள்.

“அம்மா மேல சத்தியம்ட்டி!” என்று அழுதேன். அப்புறம்தான் கையை நீட்டினாள். கரையேறித் திரும்பிப் பார்த்தால், பாறையைக் காணோம்.

அன்றிலிருந்து நான் அவளை அடிப்பதில்லை. பொய் சொல்லிக் கூப்பிடுவதும் இல்லை. கூப்பிட்டால் வருகிறாள். ஆனால் இன்றைக்கும் முதலில் என் கையைத்தான் பார்க்கிறாள்.