கறி எரியுது

எங்கள் குழுவில் நான்கு பேர். பாடுகிறவர் கணக்கு ரியூசன் நடத்துபவர். எங்களை விட மூத்தவர் என்பதால் மற்ற மூவரும் அவரை 'சேர்' என்றுதான் கூப்பிடுவோம். லீட் கிற்றார் என் கணவர். ட்ரம்ஸ் அடிப்பவன் கிண்ணியாக்காரன், தன் வாப்பாவின் ஐஸ் தொழிற்சாலையில் வேலை செய்கிறான். நான் பேஸ் கிற்றார். வார நாட்களில் மருந்துக்கடையில் நிற்பேன்.

ஹார்ட் ரொக் வாசிப்பவர்களுக்கு ஊரில் யாரும் அறை தரவில்லை. அதனால் ஐஸ் தொழிற்சாலையின் பின்னறையில் வாசித்துப் பழகினோம். அங்கே மெசினின் சத்தம் எங்களுடையதை விடப் பெரிது. ஐஸ் ஏற்ற வரும் மீனவர்கள் பெட்டி நிரம்பும் வரை கதவடியில் நின்று கேட்பார்கள். ஒருநாள் அவர்களில் ஒருவர், "நல்லாத்தான் இருக்கு. ஆனா ஏன் நாலு பேரும் ஒரே நேரத்தில கோவிக்கிறீங்கள்?" என்று கேட்டார். எங்களுக்குக் கிடைத்த முதல் விமர்சனம் அது. வீட்டுக்குப் போய் அதை நினைத்து நினைத்துச் சிரித்தேன்.

சேர் ஒரு பாட்டு எழுதியிருந்தார். சில காலங்களில் இரவில் அலை உடையும் இடமெல்லாம் நீலமாக ஒளிருமே, அதைப் பற்றியது. இரண்டு மாதம் உட்கார்ந்து எழுதினார். பல்லவி இரண்டே சொல்: "கரை எரியுது." அதை அவர் தொண்டை கிழியக் கத்துவார். அடியில் நாங்கள் மூவரும் இடிப்போம்.

முதல் மேடை சல்லி என்ற கடலோரக் கிராமத்தில் கிடைத்தது. விளையாட்டுக் கழகத்தின் ஆண்டு விழா. ஓர் இசைக்குழு வேண்டும் என்றார்கள். என்ன மாதிரி இசை என்று அவர்கள் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. பின்னேரம் நான்கு மணிக்கு முதல் பாட்டைத் தொடங்கினோம். முன்வரிசையில் இருந்த பெண்கள் அத்தனை பேரும் ஒன்றாக எழும்பி, கதிரைகளைத் தூக்கிக்கொண்டு பத்தடி பின்னால் போய் இருந்தார்கள்.

இரண்டாவதாக "கரை எரியுது". சேர் மூன்றாம் முறை கத்தியபோது, ஒரு அக்கா நெஞ்சில் கைவைத்தபடி எழும்பி வீடுகளுக்கிடையில் ஓடினார். பயந்துவிட்டாராக்கும் என்று என் விரல்கள் தடுமாறின. எங்கள் பாட்டுகள் நீளமானவை. பாட்டு முடியமுன்பே அவர் திரும்பி வந்து, மேடைக்கு முன்னால் நின்று கையைக் காட்டினார். நிறுத்தினோம்.

"நல்லகாலம் சொன்னீங்கள் தம்பி," என்றார் சேரைப் பார்த்து. "அடுப்பில வச்சதையே மறந்துபோனன். அடிப்பிடிக்கத் தொடங்கிற்றுது."

"என்னது அக்கா?"

"கறி. கறி எரியுதெண்டு நீங்கள்தானே கத்தினீங்கள்."

சேர் மைக்கைக் கீழே இறக்கினார். பிறகு பின்னாலிருந்து ஒருவர் சிரிக்கத் தொடங்க, முழு மைதானமும் சிரித்தது. என் கணவர் ஸ்பீக்கர் பெட்டிப் பக்கம் திரும்பி நின்று குலுங்கினார். "கறிப் பாட்டைத் திரும்பப் பாடுங்கோ" என்று கேட்டார்கள். பாடினோம். சல்லியே சேர்ந்து "கறி எரியுது" என்றது. கதிரைகள் முன்னால் வந்தன.

யாரோ வீடியோ எடுத்துப் போட்டிருந்தார்கள். இரண்டு நாள் கழித்து மருந்துக்கடைக்கு வந்த ஒருவர், மருந்துத் துண்டை நீட்டிக்கொண்டே, "நீங்கள் கறி எரியுதில வாசிக்கிறவதானே?" என்று மெதுவாகக் கேட்டார். அதுவரை என்னை யாரும் அப்படி அடையாளம் கண்டதில்லை. சந்தோசத்தில் குளிசையை எத்தனை வேளை போடவேண்டும் என்று சொல்ல மறந்து, அவர் பின்னால் தெருவில் ஓடினேன்.

சேர் மட்டும் வாடிப்போனார். ரியூசன் பிள்ளைகள் கரும்பலகையில் சட்டி படம் கீறி வைத்தார்களாம்.

"நான் கடலைப் பற்றி எழுதினனான், குழம்பைப் பற்றியில்லை," என்றார். "இனி அந்தப் பாட்டைப் பாட ஏலாது."

"சனம் கேக்குது சேர்," என்றான் கிண்ணியாக்காரன்.

"சனம் பிழையாக் கேக்குது."

அந்த மனநிலையோடுதான் அடுத்த மேடைக்காகத் தோப்பூருக்குப் போனோம். ஐஸ் லொறியில் பயணம், இறங்கும்போது எல்லாருடைய உடுப்பும் ஈரம். மைதானத்தில் வெருகலிலிருந்து இரண்டு ட்ரக்டரில் ஆட்கள் வந்திருந்தார்கள். ஐஸ் ஏற்றும் மீனவர்கள் தேய்த்த சேர்ட்டோடு முன்னால் நின்றார்கள். ஒரு கூட்டம் பெண்பிள்ளைகள் கையில் சட்டி மூடியும் அகப்பையும்.

மூன்று பாட்டைத் தலையாட்டிக் கேட்டார்கள். அதன்பின் மூடிகள் தட்டப்பட்டன. கிண்ணியாக்காரனால் அடக்க முடியவில்லை, அந்தத் தாளத்துக்கே அடிக்கத் தொடங்கினான். நான் சேரிடம் கேட்காமலே அந்தப் பாட்டின் முதல் சுரங்களை இழுத்தேன். அவர் மைக்கைப் பிடித்தபடி வாய் திறக்காமல் நின்றார்.

மைதானம் தானே பாடியது. பல்லவியில் கறிதான் எரிந்தது. ஆனால் சரணம் வந்ததும் அந்தப் பெண்பிள்ளைகள் நிறுத்தவில்லை. அலை, நீல ஒளி, ஈரமணலில் மின்னும் கால்தடம் என்று சேர் எழுதிய ஒவ்வொரு அடியையும் ஒரு சொல் பிசகாமல் பாடினார்கள். இரண்டாம் சரணம் எனக்கே முழுதாகத் தெரியாது.

சேர் என் காதருகே வந்தார். "எல்லாம் பாடமாக்கியிருக்குதுகள்," என்றார். பிறகு மைக்குக்குத் திரும்பிப்போய், அது கீச்சிடும் அளவுக்குக் கத்தினார்: "கறி எரியுது."

அதற்குப் பிறகு என்ன வாசித்தேன் என்று சரியாக ஞாபகமில்லை. குதித்தேன் என்று கணவர் சொல்கிறார். மேடையில் அதுவரை நான் கால் அசைத்ததே கிடையாது.

திரும்பும்போது வெயில் சாய்ந்திருந்தது. ட்ரம்ஸ்களுக்கிடையில் கால் நீட்டக்கூட இடமில்லாமல் இருந்தோம். என் விரல்நுனித் தோல் உரிந்திருந்தது, வலிக்கவில்லை. மூதூர் தாண்டியதும் சேரின் போன் அடித்தது. திரியாய் ஊரிலிருந்து யாரோ, தங்கள் விழாவுக்குக் கூப்பிட.

"ஓம், வருவம்," என்றார் சேர். சற்று நேரம் கேட்டுவிட்டு, கணக்குச் சொல்லிக்கொடுக்கும் அதே குரலில், "இல்லை, சட்டி மூடி நீங்கள்தான் கொண்டுவரவேணும்," என்றார்.

நாங்கள் மூவரும் சிரித்த சிரிப்பில் லொறிக்காரர் வண்டியை ஓரங்கட்டி, என்ன நடந்தது என்று இறங்கி வந்து பார்த்தார்.