ஏழாம் கட்டில்

என் தங்கையின் நடு மகளை எங்கள் வீட்டில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பள்ளிக்கூடம் சேர்ந்த வருஷமே கண்ணாடி போட்டதால் பெயரே கண்ணாடி என்றாகிவிட்டது. இதய ஆஸ்பத்திரியில் கம்ப்யூட்டர் வேலை; அங்கேயும் அதே பெயர்தான். நோயாளி விவரம் டேபிள் என்கிற ஒரு பட்டியலில் இருக்குமாம், மருந்து ஒன்றில், கட்டில் ஒன்றில். எல்லாவற்றையும் ஜாயின் செய்து, அதாவது ஒன்றோடொன்று கோர்த்து, யாரை எப்போது ரத்தப் பரிசோதனைக்கு அழைக்க வேண்டும் என்று அவரவர் போனுக்குச் செய்தி போக வைப்பது அவள் பொறுப்பு. எனக்கு அது புதிதாகத் தோன்றவில்லை. ஒருவரைக் காட்டி யாரென்று கேட்டால், இன்னார் கொழுந்தன், இன்னார் வீட்டில் பெண் எடுத்தவர் என்று நானும்தான் கோர்த்துச் சொல்கிறேன். நான் கோர்ப்பது பிசகினால் மாமனார் மருமகனாகிவிடுவார், எல்லோரும் சிரிப்பார்கள். அவளுடையது பிசகினால் அப்படியில்லை.

ஒரு நாள் காலை காவல்காரர் அவள் அறைக்கு வந்தார்.

"கண்ணாடிம்மா, வெளிய ஒரு அம்மா. மாசாமாசம் வர்றாங்க. டெஸ்டும் எடுக்கறதில்ல, டாக்டரையும் பாக்கறதில்ல. பெஞ்சுல உக்காந்துட்டுப் போயிடறாங்க. என்னன்னு கேளேன்."

அந்த அம்மா ஒரு போனை நீட்டினார். பரிசோதனைக்கு வரச் சொல்லி ஓர் ஆண் பெயருக்குச் செய்தி.

"எங்க வீட்டுக்காரரு போன். அவரு இங்கதான் செத்தாரு. ஏழாம் கட்டில்."

கண்ணாடி போனைத் திருப்பிக் கொடுத்தாள். "மன்னிச்சிடுங்கம்மா. இப்பவே நிறுத்திடறேன்."

"நிறுத்தச் சொல்லி யாரு கேட்டா? கூடப் பொறந்தவங்களே அவரு பேர எடுக்கறதில்ல. நீங்கதான் மறக்காம கூப்பிடறீங்க. கூப்பிட்ட மரியாதைக்கு வந்து உக்காந்துட்டுப் போறேன்."

கண்ணாடி நாற்காலிக்குத் திரும்பித் தேடினாள். ஏழாம் கட்டிலில் ஒரு சாவு என்று பதிவாகியிருந்தது. ஆனால் அது அந்த வீட்டுக்காரர் மேல் ஏறவில்லை. அப்படியானால் அது வேறு யார் மேலோ ஏறியிருக்கிறது.

வார்டில் யாருக்கும் பெயர் கிடையாது. ஏழுக்கு ஊசி போட்டாச்சா, ஏழு சாப்பிட்டாச்சா என்பதுதான் பேச்சு. செத்தாலும் கட்டில் எண்ணைத்தான் குறிப்பார்கள், அதையும் வாரக் கடைசியில் மொத்தமாக அனுப்புவார்கள். இவளும் அந்த எண்ணை வைத்தே கோர்த்துவிட்டாள். மற்றக் கட்டில்கள் வாரக் கடைசிவரை காலியாகக் கிடந்ததால் சாவு கடைசியாகப் படுத்தவர் மேலேயே ஏறியது, பிசகு தெரியவில்லை. ஏழாம் கட்டிலுக்கு மட்டும் அந்த வாரமே புது ஆள் வந்துவிட்டது. பழைய குடித்தனக்காரரின் சாவு புதுக் குடித்தனத்தின் தலையில் விடிந்தது.

புது ஆள் ஒரு தையல்காரி. தனிக்கட்டை. வால்வு மாற்றி, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை கொடுத்து அனுப்பியிருந்தார்கள். அடிக்கடி ரத்தத்தைப் பார்த்து அளவைக் கூட்டிக் குறைக்காவிட்டால் அந்த மாத்திரையே ஆளை முடித்துவிடும். கம்ப்யூட்டர் கணக்கில் செத்தவளுக்கு யார் செய்தி அனுப்புவது?

கண்ணாடி போன் செய்தாள். அடித்து அடித்து ஓய்ந்தது. ஆம்புலன்ஸ் டிரைவரை இழுத்துக்கொண்டு தையல்காரியின் வீட்டுக்கு ஓடினாள்.

"நோயாளி எப்படி இருக்காங்க?" என்றார் டிரைவர்.

"இருக்காங்களான்னே தெரியலண்ணே."

மாடிப்படி ஏறும்போது தையல் மெஷின் ஓடும் சத்தம் கேட்டது. கதவைத் தட்டியதும் நின்றுபோயிற்று. உள்ளே ஒரு அரவமும் இல்லை. தான் கேட்டது நிஜம்தானா என்று அவளுக்கே சந்தேகம் வந்த பிறகுதான் கதவு திறந்தது.

"ஆஸ்பத்திரியா? நல்லா இருக்குடி நியாயம்! ஒரு போனும் இல்ல, ஒண்ணும் இல்ல. செத்துட்டேன்னு முடிவு பண்ணிட்டீங்களா?"

கண்ணாடியால் சிரிக்க முடியவில்லை.

தையல்காரியின் கையெல்லாம் நீலம் பாரித்திருந்தது. விரலில் துணி சுற்றியிருந்தாள். மெஷினில் கிடந்த வெள்ளைத் துணியில் சிவப்புப் பொட்டுகள்.

"ஊசி ஏறிடுச்சு. முன்னெல்லாம் வாயில வச்சா நின்னுடும். நேத்து குத்தினது, இன்னும் கசியுது. போன் அடிச்சப்பகூட ரத்தக் கையோட எப்படி எடுக்கறதுன்னு விட்டுட்டேன்."

"தப்பு என்னோடதுக்கா. கம்ப்யூட்டர்ல உங்கள..."

"நெசமாவே செத்தவ கணக்குலயா வச்சிருந்தீங்க?" இப்போது தையல்காரியும் சிரிக்கவில்லை. "அதான். அந்தக் கட்டில்ல படுத்த அன்னிலேர்ந்தே யாரு இடத்துலயோ படுத்திருக்கற மாதிரியே இருந்துச்சு."

ஆஸ்பத்திரிக்குக் கூட்டிவந்து ரத்தம் எடுத்தார்கள். டாக்டர் பரிசோதனை முடிவைப் பார்த்ததும் உடனே சேர்க்கச் சொல்லிவிட்டார். ஏழு மட்டும்தான் காலி என்றாள் நர்ஸ்.

"வேற இல்லையா சிஸ்டர்?" என்றாள் கண்ணாடி.

"ஏன், ஏழுக்கு என்ன? கட்டிலா ஆளைக் கொல்லுது?"

உள்ளே தையல்காரிக்கு மருந்து ஏற்றும் நேரத்தில் கண்ணாடி தன் அறைக்குப் போய், கோர்ப்பைக் கட்டில் எண்ணிலிருந்து நோயாளி எண்ணுக்கு மாற்றினாள். சாவைத் தையல்காரி மேலிருந்து இறக்கி, அந்த அம்மாவின் வீட்டுக்காரர் மேல் ஏற்றினாள். இனி அவர் போனுக்கு அழைப்பு போகாது. அப்போது தானே ஒரு தடவை அவரைக் கொன்றது போலிருந்தது என்று என்னிடம் சொன்னாள்.

வார்டுக்குத் திரும்பியபோது அந்த அம்மா இன்னும் பெஞ்சில்தான் இருந்தார். போன் மடியில். இனி அழைப்பு வராது என்பதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் கண்ணாடியும் பக்கத்தில் உட்கார்ந்தாள். சாயங்காலம் நர்ஸ் கதவைத் திறந்து குரல் கொடுத்தாள்.

"ஏழாம் கட்டிலுக்கு யாரும்மா வந்திருக்கீங்க?"

கண்ணாடி எழுவதற்குள் அந்த அம்மா எழுந்துவிட்டார்.

"ரத்தம் நின்னுடுச்சும்மா. உங்க ஆளு பொழச்சாச்சு. வந்து பாருங்க."

கண்ணாடி தடுக்கவில்லை. அந்த அம்மா போனைப் பையில் போட்டுக்கொண்டு, வழி கேட்காமல் உள்ளே போனார்.